நாற்பது நிமிடம் பின்னால்

ஜூன் 23, ஞாயிறு

கணினிக்குப் பதினாறு ஜிபி நினைவகம், அதாவது ரேம், பொருத்தினேன். கழற்றிய திருகாணிகள் நான்கு, திரும்பக் கிடைத்தவை மூன்று, தும்மல்கள் பதினொன்று.

கூடத்தில் டிவிக்குக் கீழே இருக்கும் கறுப்புக் கணினியைத் தமயந்தி "உங்க பெட்டி" என்பாள். டிவி மட்டும் அவளுடையது. கேபிளில் வருகிற படம் முதலில் என் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்து, பிறகுதான் அவள் டிவிக்கு வரும். நேரலையை நிறுத்தி வைக்கலாம், திருப்பிப் பார்க்கலாம், விளம்பரங்களைத் தாண்டிப் போகலாம். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் நான் செய்த ஒரே உபகாரம் இது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

இதுவரை அந்தப் படமெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்பட்டு வந்தது. அதே டிஸ்க்கில்தான் நான் ஓய்வுபெற்ற பிறகு பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்த நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களும் இருக்கின்றன. மாலையில் பக்கத்தில் போய்க் காது கொடுத்தால் கரகரவென்று எழுதுகிற சத்தம் கேட்கும். ராசிபலன், மாமியார் கழுத்தை மருமகள் நெரிக்கும் தொடர், பல்பொடி, எட்டு மணி விவாதம். பூஜை அறைக்குள் செருப்பு ஸ்டாண்டு வைத்த மாதிரி இருந்தது.

ஆகவே நினைவகத்தில் பத்து ஜிபியைத் தனியே பிரித்து, இனி டிவி அங்கே மட்டும் சேரட்டும் என்று அமைத்துவிட்டேன். இரண்டரை மணி நேரப் படம் கொள்ளும். அதற்கு மேல் புதியது வர வர, பழையது தானே விழுந்துவிடும். பெட்டியை அணைத்தாலோ, மின்சாரம் போனாலோ எல்லாமே போய்விடும். தினமும் ஒன்பதரைக்கு அணைப்பேன். தலைக்குக் குளித்த மாதிரி.

'பதிவு செய்' என்று ஒரு பொத்தான் உண்டு. யாராவது கைதவறி அதை அழுத்திவிட்டால்? அதையும் யோசித்தேன். அப்படிச் சேமிப்பதும் நினைவகத்துக்கே போகும்படி மாற்றிவிட்டேன். எந்த வழியாகவும், எவர் தயவாலும், அந்தக் கழிவில் ஒரு நிமிடம்கூட என் டிஸ்க்கில் தங்காது.

ஜூன் 24, திங்கள்

ராசிபலன்காரர் எனக்கு வாகன யோகம் என்றார். ஒன்பதரைக்குப் பெட்டியை அணைத்தேன். யோகத்தோடு அவரும் போனார்.

ஜூன் 27, வியாழன்

எங்கள் வீடு இப்போது நாட்டுக்கு நாற்பது நிமிடம் பின்னால் ஓடுகிறது. எட்டு மணி நிகழ்ச்சியை எட்டு நாற்பதுக்கு ஆரம்பித்தால், விளம்பரங்களையும் "இடைவேளைக்கு முன் பார்த்தவை"களையும் தாண்டி ஒன்பதே காலுக்கு முடித்துவிடலாம்.

மாடியில் குடியிருக்கும் சிக்கந்தர் பள்ளிக்கூட ஆசிரியர். அவர் நேரலையாகவே பார்க்கிறவர். விக்கெட் விழுந்தால் அவர் போடும் சத்தம் நாற்பது நிமிடம் முன்னதாக எங்கள் கூரை வழியாக வந்துவிடுகிறது. இன்று காய்ந்த துணியை எடுக்க இறங்கி வந்தவர் வாயைத் திறந்ததுமே தமயந்தி கையை நீட்டித் தடுத்தாள்.

"சொல்லிராதீங்க சார். எங்க வீட்ல இன்னும் டாஸே போடலை."

"அம்மா, நான் உப்பு இருக்கான்னு கேக்க வந்தேன்."

எட்டு மணிக்கு 'கூண்டு'. நான்கு பேரை நான்கு கட்டத்தில் அடைத்துக் குரைக்க விடுகிற நிகழ்ச்சி. நடுவில் ஐந்தாவது கட்டத்தில், மை இருந்தே பார்த்திராத ஒரு பேனாவை நீட்டிக்கொண்டு நிற்பவன் இளம்பரிதி. என் மகன். பெயரில் பிழையில்லை, நான்தான் வைத்தேன்.

முப்பத்தொரு வருடம் நாளிதழில் பிழை திருத்தியவனுக்குக் கை சும்மா இருக்காது. இன்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே பார்த்தேன். விருந்தினர்கள் ஆரம்பித்த வாக்கியங்கள் அறுபத்திரண்டு. ஆரம்பித்தவரே முடித்தவை ஏழு. மீதியை என் மகன் முடித்து வைத்தான். பட்டியலை அவனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று திரும்பி வந்தது.

தமயந்தி ஒருநாளும் தவறாமல் பார்க்கிறாள். "சாப்பிட்டானான்னு மூஞ்சில தெரியும்" என்கிறாள்.

ஜூலை 2, செவ்வாய்

இன்றைய கூண்டு: 'அழுகிய முட்டை, அலறும் பிள்ளைகள்'. சிக்கந்தர் வேலை பார்க்கும் பள்ளிதான். நேற்று இருபத்து மூன்று பிள்ளைகளுக்கு வாந்தி பேதி. ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு குழந்தையின் முகத்தை வட்டம் போட்டுப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார்கள். அடுத்த படம் சோப்பு விளம்பரம். தாண்டினேன்.

எட்டு முப்பத்தொன்றுக்கு, எங்களுக்கு ஒன்பது மணிவாக்கில், சத்துணவு அமைப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். முத்துப்பேச்சி என்று பெயர். இளம்பரிதி பேனாவை அவர் குரலை நோக்கி நீட்டி, "முட்டை கெட்டுப்போயிருந்துச்சா இல்லையா, ஒரே வார்த்தை!" என்றான். அந்த அம்மாள் "முட்டை நாறுச்சு சார்" என்று தொடங்கியதுமே, "ஒப்புக்கொள்கிறார்! நேரலையில் ஒப்புக்கொள்கிறார்!" என்று இவன் கத்த, நான்கு கட்டமும் சேர்ந்து கத்த, இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

அந்தச் சத்தத்துக்கு அடியில் அந்தக் குரல் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்ததுபோல் இருந்தது. ஒருமுறை திருப்பிக் கேட்டேன்.

பெட்டியை அணைக்க மறந்துவிட்டேன். கேபிள் வயரும் எப்படியோ கழன்றிருக்கிறது.

ஜூலை 3, புதன்

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தங்கள். கேட்டது ஒருமுறை அல்ல, ஒன்பது முறை. வயர் தானாகக் கழலவில்லை, நான்தான் பிடுங்கினேன். பிடுங்காவிட்டால் புதிய படம் வந்து வந்து பழையதைத் தள்ளிவிடும். வயர் இல்லாமல், அணைக்காமல் விட்டால், செவ்வாய்க்கிழமை அப்படியே உள்ளே நிற்கும்.

இதை ஒரு பரிசோதனையாகச் செய்திருக்கிறேன். இந்த அமைப்பு எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

காலை நாளிதழின் முதல் பக்கம்: 'முட்டை நாறியது தெரியும் - டிவியில் அமைப்பாளர் ஒப்புதல்'. மதியம் சேனல்காரர்கள் நிகழ்ச்சியை இணையத்தில் ஏற்றினார்கள். பார்த்தேன். "முட்டை நாறுச்சு சார்" என்பதோடு ஒட்ட நறுக்கியிருந்தார்கள். கட்டங்களின் கத்தல்கூட இல்லை. உடனே விளம்பரம். வெட்டியவனின் கைத்திறன் சுத்தம். சாக்கடையைக்கூட இவ்வளவு சுத்தமாகத் தூர்வாரலாம்.

மாலையில் கொசு. சுருள் வாங்கி வந்தேன். தமயந்திக்கு இன்று தொடர் இல்லை. ரிமோட்டைத் துடைத்து உறைக்குள் போட்டு வைத்தாள்.

ஜூலை 4, வியாழன்

சிக்கந்தர் காலையில் கீழே வந்தார். பின்னால் ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஜவுளிக்கடைப் பை, அதற்குள் காகிதங்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் இளம்பரிதி ஏதோ கேடயம் வாங்கும் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முதன்முறையாக அந்தச் சட்டம் கோணலாக மாட்டப்பட்டிருப்பது தெரிந்தது.

"சார், இவங்கதான் முத்துப்பேச்சியம்மா" என்றார் சிக்கந்தர். "சஸ்பெண்டு பண்ணிட்டாங்க. திங்கக்கிழமை விசாரணை."

"திங்கக்கிழமை காலையில முட்டை வந்துச்சு அய்யா" என்றார் அந்த அம்மாள். "தட்டைப் பிரிக்கயிலயே நாத்தம். வேண்டாம்னு பதிவேட்டுல எழுதி, வந்த வண்டியிலயே திருப்பி ஏத்தி விட்டுட்டேன். பிள்ளைகளுக்கு அன்னைக்குச் சுண்டல்தான் போட்டேன். வாந்திக்குத் தண்ணித் தொட்டி காரணமா இருக்கும்னு அன்னைக்கே சொன்னேன். பதிவேட்டை அலுவலகத்துல எடுத்துட்டுப் போனாங்க. இப்பப் போய்க் கேட்டா, அந்தப் பக்கத்தைக் காணோம்கிறாங்க. டிவியில ஒத்துக்கிட்டு, இப்ப மாத்திப் பேசுறியான்னு கேக்கிறாங்க."

"மாத்திப் பேசலைன்னு காட்டணும் சார்" என்றார் சிக்கந்தர். "அன்னைக்கு லைவ்லயே இவங்க முழுசாச் சொன்னேங்கிறாங்க. நானும் பார்த்தேன், எனக்கு உங்க பையன் கத்தினது மட்டும்தான் கேட்டுச்சு. மன்னிக்கணும். உங்க பெட்டியிலதான் திருப்பிக் கேக்கலாமே. இருக்குமா?"

"சார் சொன்னாரு, உங்க பையன்னு" என்றார் அந்த அம்மாள். "தம்பியக் குத்தம் சொல்ல வரலைங்க. அவசரத்துல காதுல விழுந்திருக்காது."

திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். பதில் திட்டுக்கு நான் வார்த்தைகள் வைத்திருந்தேன்.

பெட்டியின் பச்சை விளக்கு எங்கள் மூவருக்கும் நடுவில் எரிந்துகொண்டிருந்தது. "பார்க்கிறேன்" என்றேன். தமிழில் இதைவிட அருவருப்பான வினைச்சொல் கிடையாது. அரசாங்கமே இதை வைத்துத்தான் நடக்கிறது.

தமயந்தி காபி கொண்டுவந்தாள். அந்த அம்மாள் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைக்கப் போனார். தமயந்தி பிடுங்கிக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு இதற்குள்ள தடைகளை யோசித்தேன். நிகழ்ச்சி சேனலுக்குச் சொந்தம். விசாரணை அதிகாரி கேட்க வேண்டியது சேனலை, என்னை அல்ல. மேலும் டிவி என்று எதையும் சேமிப்பதில்லை என்ற ஒரு கொள்கையோடு நான் இருக்கிறேன். மூன்றும் நல்ல காரணங்கள். எழுத்துப்பிழைகூட இல்லை.

சேமிப்பதற்கு ஆகும் நேரம்: இரண்டு நிமிடம்.

ஜூலை 5, வெள்ளி

நாளிதழில் மின்தடை அறிவிப்பு. துணைமின் நிலையப் பராமரிப்புக்காக நாளை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. எங்கள் தெருவின் பெயரில் ஒரு கால் விட்டுப் போயிருந்தது. பேனாவால் போட்டேன்.

வீட்டு இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும். பெட்டிக்கும் டிவிக்கும் ஒரு யூ.பி.எஸ். இருக்கிறது, இருபது நிமிடம் தாங்கும். எட்டு மணி நேரத்துக்கு அது போதாது. இதில் என் தவறு எதுவுமில்லை. பராமரிப்பு அவசியமானது. இவ்வளவு நிம்மதியாக நான் எந்த அறிவிப்பையும் படித்ததில்லை.

பதினொன்றரைக்கு இளம்பரிதி அழைத்தான். வழக்கமாக அம்மாவுக்குத்தான் பேசுவான்.

"அப்பா, அந்தப் பெட்டி இன்னும் ஓடுதாமே."

"யார் சொன்னா?"

"அதை விடுங்க. அணைச்சிருங்க."

"ஏன்?"

"லைவ்னா அப்படித்தாம்பா. நாலு பேர் ஒரே நேரத்துல பேசுறான். காதுக்குள்ள ஒருத்தன் 'கட் பண்ணு, கட் பண்ணு'ங்கிறான். அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு எனக்குக் கேக்கவே இல்லை."

"எனக்குக் கேட்டுச்சு."

அவன் ஒரு வாக்கியத்துக்குப் பிறகு பேசாமல் இருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இணையத்துல வெட்டினது நான் இல்லைப்பா. ஆனா முழுசு வெளிய வந்தா, மூஞ்சி என்னோடதுதானே? என்னைத்தான் தூக்குவாங்க."

"அந்தம்மாவைத் தூக்கிட்டாங்களே."

"விசாரணையில அவங்க சொல்லிக்குவாங்க. நீங்க எனக்காக ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருங்க. அது போதும்."

முப்பது வருடத்தில் அவன் என்னிடம் கேட்டவற்றில் ஆகச் சுலபமானது இது. சைக்கிள் கேட்டபோதுகூட நான் கடை வரை நடக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் தமயந்தி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கரண்டு போயிருமே."

"ஆமா."

"அப்ப அது?"

"போயிரும்."

ஒரு காயில் புழு இருந்தது. விரலால் சுண்டினாள்.

"ஒரு பொத்தான்தானே?"

"ஒரு பொத்தான்தான்."

அவரைக்காயில் உப்பு அதிகம்.

ஜூலை 6, சனி, பகல்

சரித்திரத்தில் முதல்முறையாகச் சொன்ன நேரத்துக்கு மின்சாரம் போனது. ஒன்பது மணி, இரண்டு நிமிடம். யூ.பி.எஸ். கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. பத்து விநாடிக்கு ஒரு கீச்.

பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். தமயந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் ஐந்து நிமிடம் சுவரில் கோணல் படத்தைப் பார்த்தேன். அடுத்த ஐந்து நிமிடம் என் மகன் நான்கு வயதில் குறுக்கே யார் பேசினாலும் "முடிச்சுட்டுச் சொல்றேன்" என்பான், எந்தக் கதையையும் பாதியில் விட்டதில்லை என்பது ஞாபகம் வந்தது. இதுவும் ஓர் எரிச்சல். ஞாபகங்களை யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில் கீச்சுகள் நெருங்கின. பதினைந்தாவது நிமிடத்தில் இடைவெளியே இல்லாமல் ஒரே கீச்.

தமயந்தி எழுந்து போயிருந்தால் நான் அழுத்தியிருக்க மாட்டேன். அவள் அசையாமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

பதினேழாவது நிமிடத்தில் அழுத்தினேன். பச்சை அம்பு ஒன்று ஓடி, 'பதிவு செய்யப்பட்டது' என்று வந்தது. அதற்குப் பிறகு மூன்று நிமிடத்தில் எல்லாம் அணைந்தது.

மாடிக்குப் போய் சிக்கந்தரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்தே முத்துப்பேச்சிக்கு அழைத்தார். மறுமுனையில் அழுகைச் சத்தம். "சாயங்காலம் பென் டிரைவ்ல போட்டுத் தர்றேன், ஆனா யார் கொடுத்தான்னு சொல்ல வேணாம்" என்றேன். சிக்கந்தர் ஒத்துக்கொண்டார்.

மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாடு முழுவதும் நாறிக்கிடக்கையில், ஒரு கூடத்திலாவது ஒருவன் தன் ரத்தத்தையும் மீறி நியாயத்தின் பக்கம் நின்றான் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த நாட்குறிப்பில் நான் என்னைப் பற்றி இவ்வளவு மரியாதையாக எழுதியதில்லை.

சனி, மாலை

ஐந்தேகாலுக்கு மின்சாரம் வந்தது. பெட்டியைப் போட்டேன். பதிவுகள் இருக்கும் இடத்தைத் திறந்தேன். காலி. எல்லா இடத்திலும் தேடினேன். நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன.

பிறகு இந்த நாட்குறிப்பையே புரட்டினேன். ஜூன் 23: 'அப்படிச் சேமிப்பதும் நினைவகத்துக்கே போகும்படி மாற்றிவிட்டேன். எந்த வழியாகவும், எவர் தயவாலும்...'

தெளிவான வாக்கியம். திருத்த ஒன்றுமில்லை.

ஜூலை 7, ஞாயிறு

காலையில் நானே முத்துப்பேச்சிக்கு அழைத்துச் சொன்னேன். நினைவகம், டிஸ்க் என்று விளக்கப் போனேன். பாதியிலேயே என் குரல் எனக்கே கூண்டு நிகழ்ச்சி மாதிரி கேட்டது. நிறுத்திக்கொண்டேன்.

"பரவாயில்லைங்க அய்யா" என்றார். "நீங்க அழுத்தினீங்கன்னு சார் சொன்னாரு. அது போதும்."

இதே இரண்டு சொற்களை வெள்ளிக்கிழமை வேறொருவன் சொன்னான். அப்போது இனித்தது. இப்போது வாயில் ஏதோ கெட்டுப்போனதைக் கடித்தது மாதிரி இருக்கிறது.

அலைபேசியை வைத்த பிறகு தமயந்தி கேட்டாள்: "ஒன்பது தரம் கேட்டீங்களே. அதுல என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா, இல்ல கரண்டோட அதுவும் போயிருச்சா?"

"இருக்கு."

"அப்பறம் என்ன? வாய் இருக்குல்ல?"

"நான் யார்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"உன் பிள்ளை."

"என் பிள்ளைதான்." ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கிழமை காலையிலயே அவன்கிட்டச் சொல்லிட்டேன், உங்கப்பா பெட்டியை அணைக்கலை, நீயா வந்து சொல்லிருன்னு. அவன் என்ன செஞ்சான்? உங்களுக்குப் போன் போட்டு அணைக்கச் சொல்றான். எனக்கு எப்படி இருக்கும்?"

மறந்துவிடுவதற்கு முன் எழுதி வைக்கிறேன். செவ்வாய், ஜூலை 2, இரவு எட்டு முப்பத்தொன்று, முத்துப்பேச்சி சொன்னது:

'முட்டை நாறுச்சு சார், அதனாலதான் வேண்டாம்னு எழுதி வண்டியிலயே திருப்பி ஏத்தி விட்டுட்டேன், பிள்ளைகளுக்குக் குடுக்கலை, சுண்டல்தான் போட்டேன், தண்ணித் தொட்டியப் பாக்கச் சொல்லுங்க.'

மொத்தம் பதினொரு விநாடி.

ஜூலை 8, திங்கள்

நானும் தமயந்தியும் சிக்கந்தரோடு பேருந்தில் விசாரணைக்குப் போனோம். பதினெட்டு கிலோமீட்டர். முன்சீட்டில் ஒருவர் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்று, சால்னா வழிந்த கையை ஜன்னல் திரையில் துடைத்தார். வழியில் அலைபேசி நான்கு முறை அடித்தது. இளம்பரிதி. ஐந்தாவது முறை தமயந்தி வாங்கி, "உங்கப்பாவும் நானும் சாட்சி சொல்லப் போறோம், முடிச்சுட்டுப் பேசுறோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவன் முடிக்கக் காத்திருக்கவில்லை.

விசாரணை அறையின் நாட்காட்டி மே மாதத்தில் நின்றிருந்தது. அதிகாரி மேசையில் பாதி தின்ற வடை, அதன் மேல் ஈ. முத்துப்பேச்சி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் என்னைக் கேட்டார்கள். சொன்னேன். பதினொரு விநாடியில் முடிந்துவிட்டது. ஆறு நாள் இதற்குத்தான்.

"அவ்வளவு சத்தத்துல இது மட்டும் எப்படிங்க கேட்டுச்சு?" என்றார் அதிகாரி.

"ஒன்பது முறை திருப்பிக் கேட்டேன்."

"அந்தப் பதிவு?"

"இல்லை. என் தப்பால போச்சு."

அதிகாரி மூக்கால் சிரித்தார். தமயந்தியின் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒன்பது தரம் கேட்டீங்களாம்மா?"

"இல்லைங்க. ஒரு தரந்தான்."

"சொல்லுங்க பார்ப்போம்."

சொன்னாள். சுண்டல், வண்டி, தண்ணித் தொட்டி, எல்லாம். நான் ஒன்பது முறை கேட்டும் 'அதனாலதான்' என்று எழுதியிருந்தேன். அவள் 'அதான்' என்றாள். சுவரோரத்திலிருந்து முத்துப்பேச்சி, "ஆமாங்க, அதான்னுதான் சொன்னேன்" என்றார்.

அதிகாரி வடைத்தட்டைத் தள்ளி வைத்தார். "அந்தத் தொகுப்பாளர் கத்துனதுக்கு நடுவுல உங்களுக்கு எப்படிம்மா..."

"அவன் குரலை ஒதுக்கிட்டுக் கேக்க எனக்குத் தெரியும் சார். முப்பது வருஷமாக் கேக்கிறேன்."

எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பி, இதுவரை காட்டாத ஒரு குரலில், "நிகழ்ச்சி நடத்துறவருக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்டார். சொன்னேன். காணாமல் போன பதிவேட்டுப் பக்கத்தை மாலைக்குள் தேடி எடுத்துவரும்படி எழுத்தரிடம் சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்கும் ஓர் ஆளை அனுப்பச் சொன்னார்.

வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து என் முன்னால் வைத்தார்கள். "படிச்சுப் பார்த்து, பிழை இருந்தாச் சொல்லுங்க."

படித்தேன். 'தண்ணீர்த் தொட்டி'யில் ஒற்று விட்டுப் போயிருந்தது. போட்டேன். கீழே ஒரு கட்டம். சாட்சியின் உறவுமுறை: தொகுப்பாளர் இளம்பரிதியின் தந்தை.

இரண்டு முறை படித்தேன். பிழையில்லை. கையெழுத்துப் போட்டேன்.